கண்ணுக்குள் வரும் புற்றுநோய்: கண்ணை எடுத்த பிறகும் முடியாத சிகிச்சை

மருதமுனையில் என்னுடைய மாமா முப்பது வருடங்களுக்கு மேலாகத் தறியில் இருந்தவர். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள், "பாவு நூல் ஒரு இடத்தில வளைஞ்சு தெரியுது மகன். கையால தடவிப் பார்த்தா நேராத்தான் இருக்கு" என்று என்னிடம் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வயது ஐம்பத்தெட்டு, வெள்ளெழுத்தாக இருக்கும் என்றேன். கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணாடியை மாற்றினார். வளைவு போகவில்லை. கற்றராக் தொடங்குகிறது, முற்றிய பிறகு வெட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். கொரோனா முடக்கமும் சேர்ந்துகொண்டது. வலது கண்ணின் ஒரு பக்கத்தில் திரை விழுந்தது போல நிழல் வந்த பிறகுதான் கண் கிளினிக்குக்குப் போனோம். கண்மணியை விரிக்கும் துளிமருந்து விட்டு உள்ளே பார்த்த வைத்தியர் நீண்ட நேரம் பேசாமல் பார்த்தார். அன்றே கொழும்புக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

கொழும்பில் சொன்ன பெயர் மெலனோமா. கண்ணுக்குள் புற்றுநோய். கண்ணை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

அன்று இரவு வீட்டில் எழுந்த கேள்விகளை நான் கொப்பியில் எழுதி வைத்தேன். எடுக்கத்தான் வேண்டுமா? எடுக்காமல் வேறு வழி இல்லையா? எடுத்தால் உயிர் தப்புமா? மற்றக் கண்ணுக்கும் பரவுமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளுக்குப் பிறகு நான் வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றின் தொகுப்பு. நான் வைத்தியன் அல்ல. இது வைத்திய ஆலோசனைக்குப் பதிலாகவும் ஆகாது. கிளினிக்கில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவினால் போதும்.

இது என்ன நோய்?

நமது தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற கலங்கள் கண்ணுக்குள்ளும் இருக்கின்றன. அந்த நிறமிக் கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் உண்டாவது மெலனோமா. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் கண்ணின் சுவரை மூன்று படைகளாகப் படித்திருப்போம்: வெளியே வன்கோது, நடுவில் தோலுரு, உள்ளே விழித்திரை. பெரியவர்களுக்குக் கண்ணுக்குள் வரும் மெலனோமாவில் பெரும்பகுதி அந்த நடுப்படையான தோலுருவில்தான் தொடங்குகிறது. சிலருக்குக் கதிராளியிலோ பிசிருடலிலோ வரும்.

இது அரிய நோய். ஐரோப்பிய வம்சாவளியினரில் வருடத்துக்குப் பத்து இலட்சம் பேரில் ஐந்து அல்லது ஆறு பேருக்கு வருகிறது. ஆசிய மக்களில் அதைவிடக் குறைவு. ஆனால் இந்தியாவில் பதிவான நோயாளிகள் மேற்கு நாட்டவரைவிட இளவயதினராக இருப்பதை அங்குள்ள கண் வைத்தியர்கள் கவனித்திருக்கிறார்கள். அரிதாக இருப்பதுதான் இதன் ஆபத்தும். யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை.

கட்டி கண்ணின் பின்பக்கத்தில் இருப்பதால் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொடக்கத்தில் வலியும் இல்லை. சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு சிலருக்கு நேர்கோடு வளைந்து தெரியும், ஓரத்தில் மின்னல் வெட்டுவது போலிருக்கும், கரும்புள்ளிகள் மிதக்கும், ஒரு பக்கம் நிழல் மறைக்கும். கற்றராக்கில் பார்வை முழுவதும் மெல்ல மங்கும். கோடு வளைவதும் ஒரு பக்கம் மட்டும் மறைவதும் கற்றராக்கின் குணம் அல்ல. அவை விழித்திரைக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்பதற்கான அடையாளம். மெலனோமாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பெரும்பாலும் வேறு காரணமாகவே இருக்கும். ஆனால் கண்மணியை விரித்துப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் பார்த்து நம்பர் எடுப்பது அந்தப் பரிசோதனை அல்ல.

பிள்ளைகளுக்கு வரும் கண் புற்றுநோய் வேறு. அது விழித்திரையில் தொடங்குவது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. போட்டோவில் பிள்ளையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டாலோ, புதிதாக மாறுகண் தெரிந்தாலோ, அந்த வாரமே கண் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

வெட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள்?

மாமாவின் மூத்த மகன் கேட்ட கேள்வி இது. "சதைத் துண்டு எடுத்துச் சோதிக்காம கென்சர் என்று எப்படிச் சொல்றாங்க?" நியாயமான கேள்வி. மார்பிலோ கழுத்திலோ கட்டி வந்தால் முதலில் ஊசி போட்டுச் சோதிப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

கண்ணின் உள்பக்கத்தை வெளியிலிருந்தே நேரடியாகப் பார்க்கலாம். பயிற்சி பெற்ற கண் வைத்தியர் விரித்த கண்மணி வழியாகக் கட்டியின் நிறத்தையும் விளிம்பையும் பார்க்கிறார். கண் மீது வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அதன் உயரத்தை மில்லிமீற்றர் கணக்கில் காட்டுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வைத்தியசாலைகள் சேர்ந்து 1986இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், இப்படி ஊசி போடாமல் மெலனோமா என்று தீர்மானித்து எடுத்த கண்களைப் பின்னர் ஆய்வுகூடத்தில் சோதித்தபோது, தீர்மானம் பிழைத்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான கண்களில்தான். சந்தேகம் இருந்தால் மட்டும் ஊசி மூலம் மாதிரி எடுப்பார்கள். கட்டியின் மரபணுவை அறிய வேண்டியிருந்தாலும் எடுப்பதுண்டு.

எல்லாக் கரும்புள்ளியும் மெலனோமா அல்ல. தோலில் மச்சம் இருப்பது போலக் கண்ணுக்குள்ளும் மச்சம் இருக்கும். சிறிதாக, தட்டையாக இருந்தால் படம் எடுத்து வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தடிப்பு இரண்டு மில்லிமீற்றரைத் தாண்டுவது, மேலே செம்மஞ்சள் நிறம் படிவது, விழித்திரைக்குக் கீழே நீர் சேர்வது, பார்வையில் மாற்றம் வருவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். "பார்த்துக்கொண்டிருப்போம்" என்று வைத்தியர் சொன்னால் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம் அல்ல. ஆனால் அந்தத் தவணைக்குத் தவறாமல் போக வேண்டும்.

கண்ணை வைத்துக்கொண்டு செய்யும் சிகிச்சை

நடுத்தர அளவுக் கட்டிகளுக்கு உலகெங்கும் அதிகம் செய்யப்படுவது கதிரியக்கத் தகடு. சட்டைப் பொத்தான் அளவில், கண்ணின் உருண்டைக்குப் பொருந்தும்படி குழிவாகச் செய்த சிறிய உலோகத் தகடு அது. அதன் உள்பக்கத்தில் கதிரியக்கப் பொருள் இருக்கும். சத்திரசிகிச்சை செய்து கட்டிக்கு நேர் பின்னால் வன்கோதின் மேல் அதைத் தைத்து விடுவார்கள். சில நாட்கள் அங்கேயே இருக்கும். கணக்கிட்ட அளவு கதிர் கட்டிக்குள் போனதும், மீண்டும் சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிடுவார்கள். கட்டி மறைந்துவிடாது. அடுத்து வரும் மாதங்களில் மெல்லச் சுருங்கித் தழும்பாகும்.

1930ஆம் ஆண்டளவில் லண்டனில் ஃபொஸ்டர் மூர் என்ற கண் வைத்தியர் ரேடன் விதையைக் கண்ணுக்குள் வைத்ததில் இருந்து இந்த முறை தொடங்குகிறது. இன்று முக்கியமாக இரண்டு பொருட்கள் பயன்படுகின்றன. ருத்தேனியம் 106 தகட்டின் கதிர் அதிக ஆழம் போகாது. ஐந்து, ஆறு மில்லிமீற்றர் உயரம் வரையான கட்டிகளுக்கு அது ஏற்றது. உயரமான கட்டிகளுக்கு அயடின் 125. ருத்தேனியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும். அதனால் ஒரே தகட்டைச் சுத்திகரித்துப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம். அயடின் இரண்டு மாதங்களில் பாதியாகிவிடும். பணம் குறைந்த நாடுகளுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். இந்தியாவின் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இரண்டு வகையையும் உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகு, வெளிநாட்டிலிருந்து மட்டும் வாங்க வேண்டிய நிலை அங்கே மாறியது. சென்னையில் சங்கர நேத்ராலயா, ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் நிலையம் போன்ற இடங்களில் தகட்டுச் சிகிச்சை செய்கிறார்கள்.

இரண்டாவது வழி புரோத்தன் கதிர். சாதாரணக் கதிர் உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். புரோத்தன் குறிப்பிட்ட ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். கண் மெலனோமாவுக்கு இதை 1975இல் அமெரிக்காவின் பொஸ்டனில் முதலில் பயன்படுத்தினார்கள். சென்னையில் 2019இல் அப்பலோ நிறுவனத்தின் புரோத்தன் மையம் திறக்கப்பட்டது. ஆனால் புரோத்தன் இயந்திரம் உள்ள எல்லா இடங்களிலும் கண்ணுக்கென்ற தனி ஏற்பாடு இருப்பதில்லை. கடன்பட்டுப் பயணம் போவதற்கு முன், கண் மெலனோமாவுக்குச் செய்கிறீர்களா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.

லேசர் வெப்பச் சிகிச்சை ஒருகாலத்தில் தனியாகவே செய்யப்பட்டது. கட்டி திரும்ப வருவது அதிகமாக இருந்ததால் இப்போது பெரும்பாலும் தகட்டுக்குத் துணையாகத்தான் செய்கிறார்கள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கண்ணை வைத்துக்கொள்வதும் பார்வையை வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. கதிர் கட்டியை மட்டும் தொடுவதில்லை, பக்கத்திலுள்ள விழித்திரையையும் பார்வை நரம்பையும் மெல்லப் பாதிக்கிறது. மேலே சொன்ன ஆய்வில் தகடு வைத்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மூன்று வருடங்களுக்குள் அந்தக் கண்ணின் பார்வையில் பெரும்பகுதியை இழந்தார்கள். எட்டில் ஒருவருக்கு ஐந்து வருடங்களுக்குள் கண்ணையும் எடுக்க நேர்ந்தது. பார்வை மிஞ்சுவது கட்டியின் அளவையும், பார்வையின் மையத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

கண்ணை எடுப்பது

கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, பார்வை நரம்பைச் சூழ்ந்திருந்தாலோ, கண் ஏற்கனவே பார்வையிழந்து வலித்தாலோ கண்ணை எடுப்பதே பாதுகாப்பான வழி. மாமாவின் கட்டி தகட்டுக்கு அடங்காத உயரம்.

எங்கள் தெருவில் செயற்கைக் கண்ணோடு ஒருவர் இருக்கிறார். யுத்த காலத்தில் வெடிச் சில்லு பட்டவர். இந்தக் கரையோரத்தில், தமிழ் ஊரென்றாலும் முஸ்லிம் ஊரென்றாலும், அப்படி ஒருவரைத் தெரியாத குடும்பம் குறைவு. அதனால் கண்ணை எடுப்பது என்றவுடன் எங்கள் வீட்டுக்கு நினைவு வந்தது அந்தக் காலம்தான். மாமி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

உண்மையில் இது வேறு மாதிரியான சத்திரசிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து, கண் உருண்டையை மட்டும் எடுப்பார்கள். இமைகளும், கண்ணை அசைக்கும் தசைகளும் அப்படியே இருக்கும். உருண்டை இருந்த இடத்தில் சிறு பந்து ஒன்றை வைத்துத் தசைகளை அதோடு இணைப்பார்கள். ஏறத்தாழ ஆறு வாரங்களில் காயம் ஆறியதும், மற்றக் கண்ணின் நிறத்துக்கு ஏற்பச் செய்த செயற்கைக் கண்ணை இமைக்குக் கீழே பொருத்துவார்கள். கண்ணாடிக் கண் என்று சொன்னாலும் இப்போது பெரும்பாலும் அக்ரிலிக்கில் செய்த மெல்லிய ஓடுதான். ஓரளவு அசையவும் செய்யும். எடுத்த கண் ஆய்வுகூடத்துக்குப் போகும். கட்டியின் வகை அங்கேதான் உறுதியாகும்.

மாமாவுக்கு மார்க்கரீதியான தயக்கமும் இருந்தது. அல்லாஹ் தந்த உறுப்பை எடுக்கலாமா என்று பள்ளிவாசல் இமாமிடம் கேட்டார். உயிரைக் காப்பதற்காக எடுப்பதில் தடையில்லை என்று அவர் சொன்ன பிறகே கையொப்பமிட்டார்.

மற்றக் கண் பற்றிய பயமும் யுத்தத்திலிருந்து வந்ததுதான். கண்ணில் ஆழமான காயம் பட்டவர்களுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியே நல்ல கண்ணையும் தாக்கும் ஆபத்து அரிதாக உண்டு. அதனால் காயப்பட்ட கண்ணை அவசரமாக எடுத்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். மெலனோமா அப்படி அல்ல. இது ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்குப் பரவும் நோய் அல்ல. இரண்டு கண்ணிலும் வருவது மிக மிக அரிது.

இரண்டில் எது உயிரைக் காக்கும்?

குடும்பங்கள் பிளவுபடும் கேள்வி இதுதான். "எடுத்தால் வேரோடு போகும்" என்று ஒருவர் சொல்வார். "எடுத்தால்தான் பரவும்" என்று இன்னொருவர் சொல்வார்.

1986இல் தொடங்கிய அந்த ஆய்வு இதற்குத்தான் விடை தேடியது. நடுத்தர அளவுக் கட்டியுள்ள 1317 நோயாளிகளை நாணயம் சுண்டுவது போலத் தற்செயலாக இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு அயடின் தகடு, மறு பகுதியினருக்குக் கண்ணை எடுப்பது. பன்னிரண்டு வருடங்களில் எந்தக் காரணத்தாலாவது இறந்தவர்கள் தகடு வைத்தவர்களில் 43 சதவீதம், கண்ணை எடுத்தவர்களில் 41 சதவீதம். புள்ளிவிபரப்படி இரண்டும் ஒன்றுதான்.

இது இரண்டு பக்கமும் ஆறுதல் தரும் செய்தி. தகடு பொருந்தும் நிலையில் உள்ளவர் கண்ணை வைத்துக்கொண்டதால் ஆயுளை இழக்கவில்லை. தகட்டுக்கு வசதியில்லாமலோ, பொருந்தாமலோ கண்ணைக் கொடுத்தவரும், இந்தியாவுக்குப் போக முடிந்திருந்தால் உயிருக்கு இன்னும் நல்லதாக இருந்திருக்குமே என்று காலமெல்லாம் வருந்தத் தேவையில்லை.

ஆனால் அந்த எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இரண்டு பகுதியிலும் சிலர் இதே நோயால் பின்னர் இறந்தார்கள்.

கண்ணில் முடிந்தது, ஈரலில் தொடங்கலாம்

கண்ணுக்குள் நிணநீர்க் குழாய்கள் இல்லை. அதனால் இந்த நோய் கழுத்தில் நெறிகட்டிப் பரவுவதில்லை. இரத்தத்தின் வழியாகப் போகிறது, பெரும்பாலும் ஈரலுக்கு. சிகிச்சைக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத சில கலங்கள் அங்கே போய்ப் பல வருடங்கள் உறங்கிக் கிடக்கலாம். நீண்ட காலத்தில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு நோய் பரவுகிறது. அப்படிப் பரவியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஈரல் பாதிக்கப்படுகிறது.

'அவேக்கனிங்ஸ்' நூலை எழுதிய நரம்பியல் வைத்தியர் ஒலிவர் சக்ஸுக்கு 2005 டிசம்பரில் வலது கண்ணில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கதிரியக்கமும் லேசரும் செய்தார்கள். அந்தக் கண்ணின் பார்வை போனது, ஆனால் ஒன்பது வருடங்கள் எழுதிக்கொண்டும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டும் வாழ்ந்தார். 2015 பெப்ரவரியில், ஈரலுக்குப் பரவிவிட்டதை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் 30இல் காலமானார்.

பரவிய நோய்க்கும் சிகிச்சை இருக்கிறது. ஈரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் என்றால் வெட்டி எடுக்கலாம். ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்தலாம். 2022 ஜனவரியில் அமெரிக்கா அங்கீகரித்த டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்து, இந்த நோயில் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபிக்கப்பட்ட முதல் மருந்து. ஆய்வில் ஒரு வருடத்தின் பின் உயிரோடிருந்தவர்கள் இந்த மருந்து பெற்றவர்களில் 73 சதவீதம், மற்றவர்களில் 59 சதவீதம். ஆனால் குறிப்பிட்ட ஒரு இழைய வகை உடலில் உள்ளவர்களுக்கே அது வேலை செய்யும். ஐரோப்பியர்களில் அந்த வகை அதிகம், தெற்காசியர்களில் குறைவு. விலையோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. தோல் மெலனோமாவுக்குப் பலனளிக்கும் புதிய மருந்துகள் கண் மெலனோமாவில் அவ்வளவு பலனளிப்பதில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் மரபணு மாற்றம் வேறு. இணையத்தில் 'மெலனோமா குணமானது' என்று வாசிக்கும்போது எந்த மெலனோமா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே நம் கையில் இருப்பது, பரவினால் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலை ஸ்கேன் செய்கிறார்கள், ஆபத்துக் கூடியவர்களுக்கு அதைவிட அடிக்கடி. அதுவும் பத்து வருடங்களுக்கு மேல்.

இந்த இடத்தில்தான் நாங்கள் தவறினோம். 2022இன் நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோது மாமா இரண்டு தவணைகளைத் தவறவிட்டார். பிறகு பஸ் ஓடத் தொடங்கியும் போகவில்லை. "கண்ணே இல்ல, பிறகு என்ன கண் கிளினிக்?" என்றார். அவருடைய கிளினிக் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அது ஈரலுக்கு என்று அவருக்குத் தமிழில் யாரும் சொல்லியிருக்கவில்லை. சிங்களத்தில் சொன்னதற்கு அவர் தலையாட்டியிருக்கிறார். கூடப் போன நானும் கேட்கவில்லை.

எங்கே போவது, என்ன கேட்பது?

கல்முனையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உள்ள அரசாங்கக் கண் கிளினிக்தான் முதல் படி. அங்கிருந்து கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கும், தேவைப்பட்டால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இவை இலவசம். செலவு வைப்பது இரவு பஸ்ஸும், தங்குமிடமும், உழைப்பு இல்லாமல் போகும் நாட்களும்தான்.

போகும்போது சிங்களமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: கட்டி எத்தனை மில்லிமீற்றர் உயரம், எத்தனை மில்லிமீற்றர் அகலம்? பார்வை நரம்புக்கு எவ்வளவு அருகில்? ஈரல் ஸ்கேன் செய்தாயிற்றா? கதிரியக்கத் தகடு இதற்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் ஏன்? தகடு வைத்தால் பார்வை எவ்வளவு மிஞ்சும்? கண்ணை எடுத்தால் ஆய்வுகூட அறிக்கையின் பிரதி கிடைக்குமா? ஈரல் ஸ்கேனை ஊரிலுள்ள வைத்தியசாலையில் எடுக்கக் கடிதம் தருவீர்களா?

கடைசிக் கேள்வி சிறியதாகத் தெரியும். எங்களுக்கு அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. வயிற்று ஸ்கேன் எடுக்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கடிதம் வாங்கிய பிறகு மாமா அதை ஊரிலேயே எடுக்கிறார், அறிக்கையை மட்டும் கொழும்பு கிளினிக்குக்குக் கொண்டுபோகிறோம்.

இதுவரை எடுத்த ஸ்கேன்களில் ஈரலில் ஒன்றும் இல்லை. அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மாமா மீண்டும் தறியில் உட்காருகிறார். ஒற்றைக் கண்ணில் தூரம் கணிப்பது கஷ்டம், அறுந்த நூலை முடிய இப்போது அதிக நேரம் எடுக்கிறது. கிளினிக் அட்டையில் அந்த ஆங்கில வரிக்குக் கீழே நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: இது ஈரலுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தவறவிட வேண்டாம்.